கொடுத்த பணம் எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு

பதிவு 1 – வடக்குச்சாளரம்

வணக்கம். மூன்று வாரமாக மனதை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியுடன் வந்திருக்கிறேன்.

பதினொரு ஆண்டுகளாக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு மாதம் தவறாமல் பணம் அனுப்பிவருகிறேன். வசதியில்லாத பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சோதனை செய்வது அவர்கள் வேலை. என் அம்மா அந்த நோயில்தான் போனார். முன்கூட்டியே பார்த்திருந்தால் பிழைத்திருப்பார் என்று மருத்துவர் சொன்ன அந்த வார்த்தைதான் என்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது.

இந்த ஆண்டு வந்த அறிக்கையில், ஏழாம் பக்கத்தில், புதிதாக ஒரு வரி: கருக்கலைப்புக்குக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு இனி உதவித்தொகை வழங்கப்படும்.

என் மகன் இருபத்தேழாவது வாரத்தில் பிறந்தவன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த அவன் கையில், செவிலியர் என் மோதிரத்தைத் துடைத்து வளையல்போல் மாட்டிக் காட்டினார். அது முழங்கையைத் தாண்டி ஏறியது. அன்று முதல் கரு என்ற சொல்லை என்னால் வெறும் சொல்லாகக் கேட்க முடியவில்லை. அதற்காகச் சட்டம் போட்டு யாரையும் தடுக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்தவர் வாழ்க்கைக்குள் புகுந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனால் இது என் பணம். என் கையால் கொடுப்பது.

நிறுத்திவிடுவதா, தொடர்வதா? நிறுத்தினால் சோதனைக்கு வரும் பெண்களை நான் கைவிட்டதாகாதா? இந்த இடத்தில் நின்றவர்கள் இருந்தால் சொல்லுங்கள். கட்சி சார்ந்த சண்டை வேண்டாம்.

பதிவு 2 – கல்தூண்

நிறுத்திவிடுங்கள் அம்மா. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

வரிக்கும் நன்கொடைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். வரியை அரசு கேட்காமலே எடுத்துக்கொள்கிறது. அது எங்கே செலவானாலும் நம் மனசாட்சிக்கு ஓரளவு விலக்கு உண்டு. நன்கொடை அப்படியல்ல. நீங்களே பையைத் திறந்து, நீங்களே எடுத்து, நீங்களே கொடுக்கிறீர்கள். ஒருவனுக்கு நம்பிக்கையில்லாத கருத்துகளைப் பரப்ப அவனிடமே பணம் வசூலிப்பது பாவம், கொடுங்கோன்மை என்று வர்ஜீனியா மாநிலத்துக்காகத் தாமஸ் ஜெஃபர்சன் எழுதிய மதச் சுதந்திரச் சட்டம் 1786இல் நிறைவேறியது. கட்டாயப்படுத்திப் பிடுங்குவதற்கே இந்தப் பேச்சு என்றால், கட்டாயமே இல்லாதபோது நம்பாத ஒன்றுக்கு நாமே முன்வந்து கொடுப்பதை என்னவென்று சொல்வது?

இது உங்களுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. தங்கள் நம்பிக்கைக்காகச் சிறைப்பட்ட மனச்சான்றுக் கைதிகளுக்காகத் தொடங்கப்பட்ட ஆம்னஸ்டி அமைப்பைத் தோற்றுவித்த பீட்டர் பெனன்சன் கத்தோலிக்கராக மாறியவர். 2007இல் அந்த அமைப்பு, பாலியல் வன்முறை போன்ற சில நிலைகளில் கருக்கலைப்பு கிடைக்க வேண்டும் என்ற கொள்கையை ஏற்றது. உடனே வத்திக்கானின் கர்தினால் ரெனாட்டோ மார்ட்டினோ, கத்தோலிக்கர்கள் நன்கொடையை நிறுத்த வேண்டும் என்றார். இங்கிலாந்தின் ஆயர் மைக்கேல் எவன்ஸ் 31 ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர், வலியோடு விலகினார். கைதிகள் மீது அவருக்கு அன்பு இல்லாமல் போய்விட்டதா? இல்லை. அதே வேலையை வேறு வழியில் செய்யலாம் என்று போனார். நீங்களும் போகலாம். சோதனை மட்டும் செய்யும் நிறுவனங்கள் எத்தனையோ இருக்கின்றன.

நான் ஒரு தாய்மார் இல்லத்துக்கு உதவுகிறேன். வீட்டிலிருந்து துரத்தப்பட்ட கர்ப்பிணிகள் அங்கே தங்குகிறார்கள். பிரசவத்துக்குப் பிறகும் ஓராண்டு வரை இருக்கலாம். என் பணம் அங்கே தொட்டிலாகவும் பால்மாவாகவும் ஆகிறது. கொடுத்தால் இரவில் தூக்கம் வர வேண்டும். அதுதான் என் அளவுகோல்.

பதிவு 3 – கணக்குநோட்டு

தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். அறத்தைப் பற்றிப் பேச வல்லவர்கள் வருவார்கள். பணம் எப்படி ஓடுகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் நிறையப் பேர் ஏமாந்துபோகிறார்கள்.

நீங்கள் அவர்களிடம் ‘என் பணம் சோதனைக்கு மட்டும்’ என்று எழுதிக் கேட்கலாம். ஒழுங்கான நிறுவனம் என்றால் அதைக் குறித்த நோக்க நிதியாகத் தனியே வைக்கும். வேறு எதற்கும் தொடாது. தொட்டால் அது நம்பிக்கை மோசடி. இதுவரை நல்லது.

ஆனால் சோதனைக்கு ஆண்டுக்கு நூறு பங்கு தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களைப் போன்றோர் குறித்துக் கொடுத்ததில் அறுபது வந்துவிட்டது. மீதி நாற்பதைப் பொது நிதியிலிருந்து போடுவார்கள். அடுத்த ஆண்டு குறித்த நிதி எண்பதாக உயர்ந்தால், பொது நிதியில் இருபது மிச்சமாகும். அந்த இருபது எங்கே வேண்டுமானாலும் போகலாம், கருக்கலைப்பு உதவிக்கும் போகலாம். உங்கள் ரூபாய் அங்கே போகவில்லை; ஆனால் உங்கள் ரூபாய் வந்ததால் வேறொரு ரூபாய் விடுபட்டது. ஒரே தொட்டியில் இரண்டு குழாய் வைத்த கதை. தணிக்கையாளனாக நான் கையெழுத்துப் போடும் அறிக்கையில் இரண்டும் தனித்தனிப் பத்தியில் அழகாக நிற்கும். உங்கள் மனதிலும் அப்படி நிற்குமா என்பதை நான் சொல்ல முடியாது.

இதே வாதத்தைத் திருப்பியும் போட வேண்டும். நீங்கள் நிறுத்தினால் முதலில் வெட்டப்படுவது எது? புதிய திட்டமா, பழைய திட்டமா? பெரும்பாலும் எது அதிகம் செலவு வைக்கிறதோ அது. சோதனைதான் அவர்களுடைய பெரிய செலவு என்றால், வெட்டு அங்கேதான் முதலில் விழும்.

2012இல் அமெரிக்காவில் இது வெட்டவெளியில் நடந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு நிதி திரட்டும் சூசன் ஜி. கோமன் அறக்கட்டளை, கருக்கலைப்பும் செய்துதரும் பிளான்ட் பேரன்ட்ஹுட் என்ற மருத்துவ நிறுவனத்துக்குக் கொடுத்துவந்த மார்பகச் சோதனை நிதியை நிறுத்தப்போவதாக ஜனவரி 31 அன்று செய்தி வந்தது. முந்தைய ஆண்டில் கொடுத்தது ஏறத்தாழ 6,80,000 டாலர், அதுவும் சோதனைக்கும் பரிந்துரைக்கும்தான். கருக்கலைப்புக்கு ஒரு காசும் இல்லை. நிறுத்தியதும் ஒரு பக்கம் கொதித்தது. பிப்ரவரி 3 அன்று பின்வாங்கினார்கள், மறுபக்கம் கொதித்தது. சில நாளில் பிளான்ட் பேரன்ட்ஹுட் நிறுவனத்துக்கு இழந்ததைவிடப் பல மடங்கு நன்கொடை குவிந்தது. கோமனோ இரண்டு பக்கத்து நம்பிக்கையையும் இழந்தது. பணத்தை நிறுத்துவது, நினைத்த இடத்தில் மட்டும் போய் விழும் கல் இல்லை என்பதற்காகச் சொன்னேன்.

பதிவு 4 – பழையபேனா

கல்தூண் ஐயா வரியையும் நன்கொடையையும் பிரித்தது சரி. ஆனால் அந்தப் பிரிவினை எங்கே கொண்டுபோய் விட்டது என்ற வரலாற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் ஏழைகளுக்கான அரசு மருத்துவத் திட்டம் மெடிக்கெய்ட். 1976இல் நிறைவேறிய ஹைட் திருத்தம், அந்தக் கூட்டரசுப் பணத்தைக் கருக்கலைப்புக்குச் செலவிடுவதைப் பெரும்பாலும் நிறுத்தியது. வழக்குகளால் தாமதமாகி 1977 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. அதைக் கொண்டுவந்த ஹென்றி ஹைட் தம் எண்ணத்தை மறைக்கவில்லை. சட்டப்படி முடிந்தால் பணக்காரப் பெண், நடுத்தரப் பெண், ஏழைப் பெண் எல்லோரையுமே தடுப்பேன், கைக்குக் கிடைத்தது இந்த மசோதா மட்டும்தான் என்று அவையிலேயே சொன்னவர் அவர். 1980இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை உறுதிசெய்தது. தீர்ப்பின் சாரம் இது: அரசு தானே தடை போடக் கூடாது, ஆனால் வறுமை அரசு போட்ட தடை இல்லை, அதை அகற்றும் கடமையும் அரசுக்கு இல்லை.

‘யார் மனசாட்சியையும் கட்டாயப்படுத்த வேண்டாம், விருப்பமுள்ளவர்கள் கொடுக்கட்டும்’ என்ற வாதம் அன்றும் சொல்லப்பட்டது. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருத்தம் நடைமுறைக்கு வந்து இரண்டு மாதத்தில், 1977 அக்டோபரில், டெக்சாஸின் மெக்ஆலன் நகரில் ரோசி ஹிமெனெஸ் என்ற 27 வயதுப் பெண் இறந்தார். ஆசிரியையாக ஆகப் படித்துக்கொண்டிருந்தவர், ஒரு சிறுமியின் தாய். உரிமம் இல்லாத இடத்தில் செய்துகொண்ட மலிவான கருக்கலைப்பில் கிருமித் தொற்று. அவருடைய கைப்பையில் 700 டாலர் கல்வி உதவித்தொகைக் காசோலை இருந்தது. அதை எடுத்திருந்தால் பாதுகாப்பான இடத்துக்குப் போயிருக்கலாம். படிப்புக்கென்று கொடுத்த பணத்தை வேறு எதற்கும் தொட அவருக்கு மனம் வரவில்லை என்றே பலரும் எழுதினார்கள். கணக்குநோட்டு சொன்ன ‘குறித்த நோக்க நிதி’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அந்தக் காசோலைதான் நினைவுக்கு வந்தது.

அதன் பிறகுதான் ஊருக்கு ஊர் சிறு சிறு உதவி நிதிகள் முளைத்தன. 1993இல் அவை ஒரு தேசிய வலையமைப்பாகச் சேர்ந்தன. அரசு விலகிக்கொண்ட இடத்தைத் தனியார் ஈகை நிரப்பியது. முழுமையாக ஒருநாளும் நிரப்பவில்லை.

இன்னொன்று. மனசாட்சி என்றால் மறுப்பவர்களிடம் மட்டும் இருப்பது என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை. 1967இல், சட்டம் அனுமதிக்காத காலத்தில், நியூயார்க்கில் ஹோவர்ட் மூடி என்ற பாப்டிஸ்ட் போதகரின் தலைமையில் 21 போதகர்களும் யூத குருமாரும் தங்கள் பெயரைப் பகிரங்கமாக அறிவித்து, பெண்களைப் பாதுகாப்பான மருத்துவரிடம் அனுப்பிவைத்தார்கள். கைதாகலாம் என்று தெரிந்தே செய்தார்கள். அவர்களும் மனசாட்சியின் பேரில்தான் செய்தார்கள்.

பதிவு 5 – இரவுப்பணி

நான் அப்படி ஓர் உதவி நிதியில் வாரம் இரண்டு இரவு தொலைபேசி எடுக்கிறேன். நிறுவனத்தின் பெயரும் இடமும் வேண்டாம்.

மேசையில் ஒரு நோட்டுப் புத்தகம். நான்கு பத்தி: எத்தனை வாரம், மொத்தக் கட்டணம், கையில் இருப்பது, குறைவது. முதல் கேள்வியே ‘எவ்வளவு குறைகிறது?’ என்பதுதான். ஏன் என்று கேட்கக் கூடாது என்பது எங்கள் விதி. பணத்தை அவர் கையில் கொடுப்பதில்லை. மருத்துவமனைக்கு நேரே உறுதிச் சீட்டு அனுப்புவோம். எங்களால் முழுவதும் முடியாவிட்டால் இன்னொரு நிதியைக் கூப்பிடுவோம், அவர்கள் ஒரு பங்கு போடுவார்கள்.

சென்ற மாதம் ஒருவர் அழைத்தார். குரலைவிடத் தண்ணீர்ச் சத்தம் அதிகம் கேட்டது. குழாயைத் திறந்துவிட்டுக் குளியலறைக்குள்ளிருந்து பேசுகிறார் என்று புரியச் சற்று நேரமானது. வீட்டில் ஒருவர் கேட்டுவிடக் கூடாது. ‘கட்டணம் சேர்ந்துவிட்டது, போகிற பஸ்ஸுக்கும் அன்று இரண்டு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவருக்கும்தான் இல்லை’ என்றார். அந்த வாரம் எங்கள் நிதி புதன்கிழமையே தீர்ந்துவிட்டது. ‘திங்கள்கிழமை கூப்பிடுங்கள்’ என்று சொன்னேன். திங்கள்கிழமை அவர் கூப்பிடவில்லை. அதற்குப் பிறகும் இல்லை.

தாமதமானால் வாரம் கூடும், வாரம் கூடினால் கட்டணம் கூடும். பணம் சேர்க்கிற வேகத்தைவிடக் கட்டணம் வேகமாக ஓடும். அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர்களைத்தான் நான் தினமும் கேட்கிறேன்.

வடக்குச்சாளரம் அம்மா, உங்கள் மகனின் கதையைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. உங்களை மாற்ற நான் எழுதவில்லை. நிறுத்துகிறவர்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு திங்கள்கிழமை இருக்கிறது என்பதை மட்டும் சொல்லத் தோன்றியது.

பதிவு 6 – கல்தூண்

இரவுப்பணி அவர்களின் பதிவை இரண்டு முறை படித்தேன். அந்தப் பெண்ணுக்காக எனக்கும் நெஞ்சு கனக்கிறது. ஆனால் ஓர் இடத்தில் நான் விடமாட்டேன். ‘கொடுக்காததும் ஒரு செயல், அதன் விளைவுக்கும் நீ பொறுப்பு’ என்ற வாதம் எல்லையில்லாமல் நீளும். நான் கொடுக்காத ஆயிரம் இடங்கள் இருக்கின்றன. அத்தனைக்கும் நான் குற்றவாளியா? ஒன்றைச் செய்வதற்கும் செய்யாமல் இருப்பதற்கும் நடுவே ஒரு கோடு இல்லை என்றால் மனசாட்சி என்ற சொல்லுக்கே பொருளில்லை. எனக்கு அந்தக் கரு ஓர் உயிர். அதைக் கலைக்கப் பணம் கொடுப்பதும், கலைக்கப் பணம் கொடுக்க மறுப்பதும் என் பார்வையில் ஒரே தராசில் நிற்க முடியாது.

அந்த அழைப்பில் வந்த பெண்ணுக்கு வீட்டில் பயம், கையில் காசில்லை, பிள்ளைகளைப் பார்க்க ஆளில்லை. இந்த மூன்றில் ஒன்றைக்கூட உங்கள் உறுதிச் சீட்டு தீர்க்காது. நாலு பத்தி நோட்டில் ஐந்தாவதாக ஒரு பத்தி வேண்டாமா, ‘பெற்றுக்கொள்ள விரும்பினால் என்ன தேவை’ என்று?

பதிவு 7 – மட்டுறுத்துநர்

தனிப்பட்ட வசை இருந்ததால் ஒரு பதிவு நீக்கப்பட்டது. இதுவரை இருந்த மரியாதையைத் தொடருங்கள்.

பதிவு 8 – மூன்றாம்பக்கம்

நான் சட்டம் படித்தவன். ‘பங்கேற்பு’ எங்கே தொடங்குகிறது என்ற கேள்விக்கு நீதிமன்றங்களும் திருச்சபையும் தலையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன. இங்கே நாம் குழம்புவதில் வியப்பில்லை.

பிரிட்டனின் 1967ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, மனசாட்சி மறுப்பு உள்ளவரைச் சிகிச்சையில் பங்கேற்கக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. கிளாஸ்கோவில் பிரசவப் பகுதியை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்த கத்தோலிக்க மருத்துவச்சிகள் இருவர், பணியாளர்களை ஒதுக்குவதும் மேற்பார்வை செய்வதும்கூடப் பங்கேற்புதான் என்று வழக்காடினார்கள். 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. நேரடியாகக் கையால் செய்வதுதான் பங்கேற்பு. ஏற்பாடு செய்வது அந்தப் பிரிவில் வராது என்றது.

அதே 2014இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் எதிர்த் திசையில் போனது. ஹாபி லாபி என்ற கடை நிறுவனத்தின் உரிமையாளர்கள், கருவை அழிக்கக்கூடியவை என்று தாங்கள் நம்பும் சில கருத்தடை முறைகளுக்கு ஊழியர் காப்பீட்டின் வழியே பணம் கட்டுவதுகூடத் தங்களை உடந்தையாக்கும் என்றார்கள். அந்த நம்பிக்கை சரியா தவறா என்று நாங்கள் அளக்க மாட்டோம் என்று ஐந்துக்கு நான்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பானது.

2021இல் டெக்சாஸ் கொண்டுவந்த எஸ்பி 8 சட்டம் இன்னும் ஒரு படி தாண்டியது. கருக்கலைப்புக்கு உதவியவர், உடந்தையாக இருந்தவர் மீது யார் வேண்டுமானாலும் வழக்குத் தொடுத்து, வென்றால் குறைந்தது 10,000 டாலர் பெறலாம். உதவி என்பதில் செலவைக் கொடுப்பதும் திருப்பித் தருவதும் அடங்கும் என்று சட்டமே எழுதிவைத்தது. ‘பணம் கொடுப்பது செய்வதே’ என்ற கல்தூண் ஐயாவின் வாதம் அங்கே சட்டத்தின் சொற்களாகவே ஆகிவிட்டது. 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்புக்கு அரசியலமைப்பு உரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்ன டாப்ஸ் தீர்ப்பு வந்ததும் அந்த மாநிலத்து உதவி நிதிகள் பல பணம் கொடுப்பதையே நிறுத்திவைத்தன.

கத்தோலிக்க அறநெறியில் இதற்கு நெடுங்காலமாக ஓர் அளவுகோல் உண்டு. தீமையை விரும்பி உடன்படுவது ஒன்று. விரும்பாமல், தூரத்திலிருந்து, வேறு நல்ல காரணத்துக்காகச் செய்யும் செயல் அதற்குத் துணையாகிவிடுவது வேறொன்று. கொரோனாத் தடுப்பூசிகளில் சில, பல பத்தாண்டுகளுக்கு முன் கலைக்கப்பட்ட கருவின் திசுவிலிருந்து வளர்த்த செல்களைக்கொண்டு உருவாக்கப்பட்டவை. வேறு தடுப்பூசி கிடைக்காதபோது அவற்றைப் போட்டுக்கொள்ளலாம், உடந்தை மிகத் தொலைவானது என்று 2020 டிசம்பரில் வத்திக்கானே குறிப்பு வெளியிட்டது. அந்த அளவுகோலில் வைத்தால், சோதனைக்கென்று குறித்துக் கொடுக்கும் வடக்குச்சாளரத்தின் பணமும் தூரத்து உடந்தைதான், விருப்பத்தோடு செய்வதல்ல. இதைச் சொல்ல நான் பாதிரியார் இல்லை. ஆனால் எய்தவன் இருக்க அம்பை நோவதற்கு முன், அம்பு எந்தக் கையிலிருந்து எத்தனை கை மாறிப் போகிறது என்றாவது பார்க்கலாம்.

பதிவு 9 – தூறல்

இந்தப் பணத்தை வாங்கியவள் நான். இத்தனை பதிவுகளில் வாங்கியவர் ஒருவரும் பேசவில்லை என்பதால் எழுதுகிறேன்.

முதலில் நான் போனது ஓர் இலவசக் கர்ப்ப ஆலோசனை மையத்துக்கு. வாசலில் எல்லா உதவியும் கிடைக்கும் என்று எழுதியிருந்தது. அவர்கள் கருக்கலைப்பு செய்வதில்லை என்பதை மூன்றாவது முறை போன பிறகுதான் சொன்னார்கள். ‘அடுத்த வாரம் ஸ்கேன்’, ‘அடுத்த வாரம் மருத்துவர் வருவார்’ என்று நான்கு வாரம் போனது. அந்த மையமும் யாரோ நல்ல மனதுள்ளவர்கள் கொடுத்த நன்கொடையில்தான் நடக்கிறது. அவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? தங்கள் பணம் எதைச் செய்கிறது என்ற கேள்வியை வடக்குச்சாளரம் அக்கா கேட்பதுபோல அவர்களும் ஒருமுறை கேட்டிருந்தால் எனக்கு அந்த நான்கு வாரம் மிச்சமாகியிருக்கும்.

பிறகு இரவுப்பணி சொன்னது போன்ற ஒரு நிதி மீதிப் பணத்தைக் கட்டியது. யார் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. யாரும் நன்றிக் கடிதம் கேட்கவில்லை, படம் எடுக்கவில்லை. அது எனக்குப் பெரிய மரியாதையாக இருந்தது.

எனக்கு வருத்தம் இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, இல்லாமலும் இருக்கிறது. அதை இங்கே விளக்க எனக்கு விருப்பமில்லை. ஒன்றுதான் கேட்கிறேன். உங்கள் மனசாட்சி சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக எங்களை ஆக்காதீர்கள். கொடுப்பவர் தூங்கினாரா என்பது என் கவலை இல்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை, அவ்வளவுதான்.

பதிவு 10 – கல்தூண்

தூறல், தங்கையே, அந்த நான்கு வாரத்துக்கு என்னால் ஒரு சமாதானமும் சொல்ல முடியாது. உயிரைக் காக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு பொய் சொல்லும் இடத்துக்கு நான் ஒரு காசும் கொடுக்க மாட்டேன். இதைப் படித்ததும் நான் உதவும் இல்லத்துக்குக் கடிதம் எழுதி, அவர்கள் வாசலில் என்ன எழுதியிருக்கிறது, தொலைபேசியில் முதல் வாக்கியமாக என்ன சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறேன். ஒன்பது ஆண்டுகளாகக் கொடுக்கிறேன், இதுவரை கேட்டதில்லை. பாத்திரம் அறிந்து பிச்சை இடு என்பார்கள். வாங்குகிறவரைத்தான் அறிய வேண்டும் என்று நினைத்திருந்தேன். நடுவில் இருக்கும் கரண்டியை அறிய வேண்டும் என்று தோன்றவில்லை.

கருத்து மாறவில்லை. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பதிவு 11 – கணக்குநோட்டு

தூறல் சொன்னது தணிக்கையாளனான எனக்கும் உறைத்தது. நாங்கள் பார்ப்பது பணம் சொன்ன தலைப்பில் செலவானதா என்பதை மட்டும்தான். ‘ஆலோசனை’ என்ற தலைப்பில் செலவானால் கணக்கு சரி. அந்த ஆலோசனை உண்மையா என்று பார்க்க எங்களிடம் பத்தி இல்லை.

கோடிக்கணக்கில் கொடுப்பவர்களும் இதே குழப்பத்தில் இருந்திருக்கிறார்கள் என்பதற்கு இரண்டு எடுத்துக்காட்டு. அமெரிக்கப் பெருஞ்செல்வர் வாரன் பஃபெட்டின் பெர்க்ஷையர் நிறுவனம் 1981 முதல் ஒரு திட்டம் வைத்திருந்தது. பங்குதாரர்கள் தம் பங்குக்கு இத்தனை டாலர் இந்த அறக்கட்டளைக்கு என்று தாமே குறித்துச் சொல்லலாம். அவரவர் மனசாட்சிக்கு அவரவர் பொறுப்பு. இதைவிட நேர்த்தியான ஏற்பாடு இருக்க முடியாது என்றுதான் தோன்றும். 2002இல் பேம்பர்டு ஷெஃப் என்ற சமையல் கருவி நிறுவனத்தை பெர்க்ஷையர் வாங்கியது. அதன் பொருள்களை வீடுகளுக்கே போய் விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். கருக்கலைப்பை ஆதரிக்கும் அமைப்புகளுக்கும் அந்தத் திட்டத்திலிருந்து பணம் போகிறது என்று புறக்கணிப்பு எழுந்து, அடி விழுந்தது அந்த விற்பனைப் பெண்கள் மேல். 2003 ஜூலையில் பஃபெட் திட்டத்தையே மூடினார். பள்ளி, கோயில், தேவாலயம், மருத்துவமனை என்று போய்க்கொண்டிருந்த மற்ற நன்கொடைகளும் அத்தோடு நின்றன.

இன்னொருவர் மெலிண்டா கேட்ஸ். கத்தோலிக்கர். குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பெரும் நிதி கொடுத்தவர். 2014இல், கருக்கலைப்பில் தமக்கே போராட்டம் இருக்கிறது என்று எழுதி, தங்கள் அறக்கட்டளை அதற்குப் பணம் கொடுக்காது என்று அறிவித்தார். பத்து ஆண்டு கழித்து, 2024இல் அந்த அறக்கட்டளையை விட்டு விலகிய பிறகு, பெண்களுக்காக இரண்டு ஆண்டில் நூறு கோடி டாலர் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பெற்றவர்களில் இனப்பெருக்க உரிமைக்கு வழக்காடும் அமைப்பும் உண்டு. அவர் மனதில் என்ன நடந்தது என்று ஊகிக்க நமக்கு உரிமையில்லை. மனசாட்சி ஒருமுறை எழுதிவைத்துப் பூட்டும் உயில் இல்லை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பதிவு 12 – பழையபேனா

ஒன்றைச் சேர்க்கிறேன், நிறுத்துவதன் விளைவு பற்றி. அமெரிக்காவின் ‘மெக்சிகோ நகரக் கொள்கை’ 1984இல் வந்தது. வெளிநாட்டுத் தொண்டு நிறுவனம் தன் சொந்தப் பணத்தில் கருக்கலைப்பு பற்றி ஆலோசனை சொன்னாலும்கூட அமெரிக்கக் குடும்பக் கட்டுப்பாட்டு உதவி கிடையாது என்றுதான் அது தொடங்கியது. ஜனநாயகக் கட்சி அதிபர் வந்தால் எடுப்பார், குடியரசுக் கட்சி அதிபர் வந்தால் போடுவார். 26 ஆப்பிரிக்க நாடுகளைப் பார்த்து 2019இல் வந்த ஆய்வு ஒன்று, அந்தக் கொள்கை நடப்பில் இருந்த காலத்தில், அமெரிக்க உதவியை அதிகம் நம்பியிருந்த நாடுகளில் கருக்கலைப்பு ஏறத்தாழ 40 சதவீதம் கூடியது, கருத்தடைப் பயன்பாடு 14 சதவீதம் குறைந்தது என்று கண்டது. ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் நேரடியானது: பணம் நின்றதும் கருத்தடை கிடைப்பது குறைந்திருக்கலாம். எண்ணிக்கையைக் குறைக்க நினைத்து நிறுத்தினார்கள், கூடிவிட்டது.

கல்தூண் ஐயாவுக்கு இது பதில் ஆகாது, எனக்குத் தெரியும். விளைவு எப்படியிருந்தாலும் என் கையால் செய்ய மாட்டேன் என்பவரிடம் விளைவைக் காட்டிப் பயனில்லை. ஆனால் வடக்குச்சாளரம் கேட்டது இரண்டையும்தான்.

பதிவு 13 – வடக்குச்சாளரம்

நான் பதில் எழுதப் பத்து நாள் ஆகிவிட்டது. எல்லாவற்றையும் படித்தேன், சிலவற்றை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினேன். தூறல் எழுதியதற்குப் பிறகு, கடிதம் போதாது என்று தோன்றி நேரிலேயே போனேன். பதினொரு ஆண்டில் முதல்முறை. காத்திருக்கும் கூடத்தில் நீளமாக ஒரே ஒரு பெஞ்சு. எல்லோர் கையிலும் ஒரே பச்சை நிறக் கோப்பு. யார் சோதனைக்கு வந்தவர், யார் எதற்கு வந்தவர் என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முயன்றேன். சற்று நேரத்தில் அப்படிப் பார்ப்பதற்கே வெட்கமாக இருந்தது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா, என் கையில் கோப்பு இல்லாததைப் பார்த்து, ‘சீட்டு வாங்கவில்லையா? அந்த ஜன்னலில் கேளுங்கள், காசு இல்லாவிட்டாலும் பார்ப்பார்கள்’ என்று காதோடு சொன்னார்.

பொறுப்பாளரிடம் இரண்டு கேள்வி கேட்டேன். இங்கே வரும் ஒரு பெண்ணிடம் எதையாவது மறைக்கிறீர்களா? பெற்றுக்கொள்ள விரும்பும் பெண் வந்தால் என்ன செய்கிறீர்கள்? முதல் கேள்விக்கு அவர்கள் பயன்படுத்தும் படிவத்தையே எடுத்துக் காட்டினார். எனக்கு நிறைவாக இருந்தது. இரண்டாவதற்கு அவரிடம் ஒழுங்கான பதில் இல்லை. முகவரிப் பட்டியல் ஒன்று இருக்கிறது, அதுவும் பழையது என்று ஒப்புக்கொண்டார். கல்தூண் ஐயா, உங்கள் இல்லத்தின் விவரத்தைத் தனி மடலில் அனுப்ப முடியுமா? உங்கள் கடிதத்துக்கு அவர்கள் தந்த பதிலோடு.

பணத்தை நிறுத்தவில்லை. சோதனைக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தொட்டிக்கு இரண்டு குழாய் என்பது நினைவில் இருக்கிறது. அந்தக் குறிப்பு என்னை முழுவதும் விலக்கிவிடாது என்று தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். என் அக்காவும் இவ்வளவு நாள் என்னோடு சேர்ந்து கொடுத்தவர். அவர் நிறுத்திவிட்டார். அவரைத் தவறென்று நான் சொல்லவில்லை, என்னையும் அவர் சொல்லவில்லை. ஆனால் அன்று இரவு சாப்பிடும்போது இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

இரவுப்பணி, அந்தப் பெண் திரும்ப அழைத்தாரா?

பதிவு 14 – இரவுப்பணி

இல்லை அம்மா. நோட்டில் அவருடைய வரி அப்படியே இருக்கிறது. ‘குறைவது’ என்ற பத்தியை இன்னும் அடிக்கவில்லை. கல்தூண் ஐயா கேட்ட ஐந்தாவது பத்தியை இந்த வாரக் கூட்டத்தில் சொன்னேன். மூன்று பேர் ஒப்புக்கொண்டார்கள், நான்கு பேர் மறுத்தார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடி கேட்பேன்.